கஞ்சி வாங்கிக் குடித்த புனிதர்

எங்கள் வீட்டில் அந்தோனியாருக்குத்தான் முதலிடம். ஜூன் 13 வந்தால் பாசையூர்த் திருநாளைத் தவறவிட மாட்டோம். எனக்கு நெருக்கமானவர் புனித யோசப் வாஸ் அடிகளார். அவர் ஒளிந்திருந்த யாழ்ப்பாணத்துச் சில்லாலைக்கு இந்த விடுமுறையில் போனேன். பெரியம்மாவும் கூட வந்தார்.

மானிப்பாய், சண்டிலிப்பாய் தாண்டிப் பண்டத்தரிப்புக்குப் போனால் சில்லாலை பக்கத்தில்தான். வழியெல்லாம் பனையும் தோட்டமும். வெயில் ஏறமுதல் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

1658இல் புரட்டஸ்தாந்தரான ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு இங்கே கத்தோலிக்கக் குருக்கள் இருக்க முடியவில்லை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகக் கிடப்பவருக்கு அவஸ்தைப்பூசுதல்கூட இல்லை. ஏறக்குறைய முப்பது வருடம் அப்படியே போனது. குருவின் முகத்தையே காணாமல் ஒரு தலைமுறை வளர்ந்து, கலியாணம் கட்டி, பிள்ளைகளும் பெற்றுவிட்டது. இதைக் கேள்விப்பட்டு மனம் பொறுக்காமல் கோவாவிலிருந்து புறப்பட்டவர் அடிகளார். 1687இல், கூலியாள் வேடத்தில், தூத்துக்குடியில் தோணி ஏறினார். கடலில் பட்ட பாட்டில் உடம்பு ஒடிந்துபோனது. யாழ்ப்பாணம் வந்ததும் கடும் வயிற்றோட்டம். கேட்பாரற்றுக் கிடந்தவருக்கு ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து உயிரைக் காப்பாற்றினார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. எனக்கு அந்த வரலாற்றிலேயே பெரிய இடம் இதுதான். மற்றப் புனிதர்களிடம் நாங்கள் கேட்டுப் போகிறோம். இவர் எங்கள் வாசலில் கையேந்தி நின்றவர். சுகமான பிறகும் பிச்சைக்காரனாகவே வீடு வீடாகப் போனார். கழுத்தில் செபமாலை. அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் தன் மக்களை அடையாளம் கண்டார்.

அப்புறம் அவரை மறைத்து வைத்தது சில்லாலை. இரவில்தான் பூசை, இரவில்தான் ஞானஸ்நானம். பிடிபட்டால் ஒளித்து வைத்த வீட்டாருக்கும் தண்டனை. 1689 நத்தார் (கிறிஸ்துமஸ்) இரவில் பூசைக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தர் வந்து பிடித்தார்கள், அடிகளார் தப்பினார். பிடிபட்டவர்களில் சிலர் அடிபட்டும் சிறையில் வாடியும் விசுவாசத்தை விடவில்லை. புனிதர் பட்டம் கிடைக்காத அவர்களையும் நான் செபத்தில் நினைக்கிறேன்.

கோயிலில் ஒரு ஆச்சி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும், "எங்கட சனம்தான் மோனை அவரைப் பார்த்தது. உசிர் போனாலும் காட்டிக் குடுக்கேல்லை" என்றார். ஏதோ போன கிழமை நடந்தது மாதிரி, அத்தனை உரிமையோடு.

2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். அம்மம்மா அன்று தொலைக்காட்சிக்கு முன்னால் முழங்காலில் இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பெரியப்பா பாரிசவாதத்தில் படுத்த படுக்கை. கஞ்சியும் கரண்டியால்தான் பருக்க வேண்டும். அவர் எழும்பி நடக்க வேண்டும் என்றுதான் மன்றாடப் போனேன். முழங்காலில் நின்றபோது கஞ்சி கொடுத்த அந்தத் தாய்தான் மனதில் வந்தார். "அடிகளாரே, உமக்குக் கஞ்சி தந்த கை எங்கட பெரியம்மாவின் கைதான் என்று நினைத்துக்கொள்ளும். அந்தக் கை சோராமல் பாரும்" என்று கேட்டேன். பெரியம்மா என்ன கேட்டார் என்று தெரியாது. பெரியப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்க வேண்டுமென்று பதினொரு மணி பஸ்ஸுக்கே அவசரப்படுத்தினார். சரி என்று கிளம்பினோம்.