பழைய கிச்சன் கப்போர்டுக்குப் புது பெயின்ட்: திருச்சி வீட்டில் செய்து பார்த்தது

திருச்சியில் 1998ஆம் ஆண்டு கட்டிய எங்கள் வீட்டின் சமையலறைக் கப்போர்டுகள், அக்காலத்து வீடுகள் பலவற்றில் இருப்பதைப் போலவே, கடப்பா கல் தட்டுகளும் அவற்றின் முகப்பில் தேக்குச் சட்டமும் பிளைவுட் கதவுகளும் கொண்டவை. கல் அசையவில்லை, சட்டத்தில் கரையான் இல்லை, கதவுகள் உப்பவில்லை. கெட்டிருந்தது பெயின்ட் மட்டுமே. எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு மாடுலர் கிச்சன் போடலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்தபோது, நல்ல தேக்கை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் பார்ட்டிக்கிள் போர்டை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பெயின்ட்டை மட்டும் நாமே மாற்றிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

மாசி மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலுள்ள ஈரத்தால் பெயின்ட் காயத் தாமதமாகும். ஆடிக் காற்று தூசியைக் கொண்டுவந்து ஈரப் பெயின்ட்டின் மேல் ஒட்டிவிடும். சித்திரை வெயிலிலோ ஒரு பக்கம் ரோலர் ஓட்டி முடிப்பதற்குள் மறுபக்கம் காய்ந்து இணைப்புத் தடம் விழுந்துவிடும்.

கதவுகளைக் கழற்றும்போது, ஒவ்வொன்றிலும் கீல் உட்காரும் பள்ளத்தில் பென்சிலால் எண் எழுதி, அதே எண்ணைச் சட்டத்திலும் எழுதிவைத்தேன். கீல் வைத்த இடத்தில் பெயின்ட் படாது என்பதால் அந்த எண் கடைசிவரை அழியாது. பார்வைக்கு ஒரே அளவாகத் தெரியும் கதவுகள்கூட, ஆசாரி இடத்துக்கேற்ப இழைத்துப் பொருத்தியவை. இடம் மாறினால் ஒன்றும் சரியாக மூடாது.

இந்த வேலையில் அதிக நேரம் எடுத்தது பிசுக்கை நீக்கியதுதான்; அதிக நேரம் எடுக்க வேண்டியதும் அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் எழும் எண்ணெய் ஆவி கதவுகளில் படிந்து, வெப்பத்திலும் காற்றிலும் நாளடைவில் பிசின் போல இறுகிவிடுகிறது. அதன்மேல் எந்த உயர்ந்த பெயின்ட்டை அடித்தாலும் அது மரத்தைப் பிடிக்காமல் பிசுக்கைத்தான் பிடித்திருக்கும். முதலில் உப்புத்தாள் போட்டுவிட்டுப் பிறகு கழுவலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. உப்புத்தாள் பிசுக்கை எடுக்காது, கீறல்களுக்குள் அழுத்தித் தேய்த்துவிடும். வெந்நீரில் சலவை சோடாவைக் கரைத்து, கையுறை அணிந்துகொண்டு, பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்து, பின்னர் சோடாவின் தடமே இல்லாதபடி நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பலமுறை துடைத்தோம். அடுப்புக்கு மேலிருந்த இரண்டு கதவுகளில் வழிந்த நீர் தேநீர் நிறத்தில் இருந்தது. கைப்பிடியைச் சுற்றிய இடமும் அதே அளவு கவனத்தைக் கேட்டது. அங்கே சமையல் எண்ணெயோடு கை அழுக்கும் சேர்ந்திருந்தது. விரலால் அழுத்தி இழுத்தால் வழுக்காமல் கிறீச்சிடும் வரை நிறுத்தவில்லை.

உப்புத்தாள் வேலைக்கு முன் யோசிக்க வேண்டிய ஒன்று, பழைய பெயின்ட்டில் இருக்கக்கூடிய ஈயம் என்ற நச்சு உலோகம். வீட்டுப் பயன்பாட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்று 2016இல் இந்திய அரசு விதி வகுத்தது. அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். எங்கள் கதவுகளிலிருந்த பெயின்ட் அதற்கு வெகுகாலம் முந்தையது. அதில் ஈயம் இருந்திருக்கும் என்றே எடுத்துக்கொண்டு, காய்ந்த தூள் பறக்க இடம் கொடுக்காமல், பிழிந்த ஸ்பாஞ்சால் சிறிது ஈரமாக்கி 220 எண் வாட்டர் பேப்பரால் தேய்த்தோம். பின்புறக் கொல்லையில் பழைய ஃபிளெக்ஸ் விரித்து, முகக்கவசம் அணிந்து, பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாமல் செய்தோம். வழித்தெடுத்த சேற்றைச் செடிகளுக்கு அருகில் கொட்டாமல் தனியே கட்டிவைத்தோம். பழைய பெயின்ட்டை முழுவதும் உரிக்க வேண்டியதில்லை. பளபளப்பு போய் மேற்பரப்பு மங்கினாலே போதும்.

கைப்பிடிகளை மாற்றியதில் ஒரு சிக்கல் இருந்தது. பழைய கைப்பிடிகளின் துளைகளுக்கு இடையே 4 அங்குலம் இருந்தது. நாங்கள் வாங்கியவை 96 மில்லிமீட்டர் அளவு. 5 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான வித்தியாசந்தான், ஆனால் ஸ்க்ரூ ஏறாது. பழைய துளைகளை எம்-சீல் கொண்டு அடைத்து, இறுகியபின் தேய்த்துச் சமமாக்கினோம். விளிம்புகளில் பெயர்ந்திருந்த இடங்களுக்கு மட்டும் பட்டி பார்த்தோம்.

பிரைமருக்கு முன், சட்டத்தின் உட்புறத்தில் தேக்கு வெளியே தெரிந்த ஓரிடத்தில் தண்ணீரில் கலக்கும் வெள்ளைப் பிரைமரைக் கொஞ்சம் தடவிப் பார்த்தேன். மறுநாள் காலையில் அந்த வெள்ளையின் ஊடே இளம்பழுப்புக் கறை நரம்பு நரம்பாக மேலே வந்திருந்தது. தேக்கிலுள்ள எண்ணெயும் சாயமும் நீரோடு சேர்ந்து மேலேறுவதால் வரும் கறை இது; அடுத்தடுத்த கோட்டிங்கிலும் ஊடுருவி வரக்கூடியது. எனவே தின்னர் கலக்கும் வுட் பிரைமரையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினோம். அது நன்றாகக் காய்ந்தபின், ஒரு கதவின் உட்புறத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கட்டங்கள் கீறி, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பில் உரித்தேன். டேப்பில் ஒரு கட்டமும் ஒட்டி வரவில்லை. பிசுக்கு நீக்கியது போதுமா என்பதற்கு இதைவிட நேரடியான விடை கிடையாது.

மேல் பெயின்ட்டுக்கு வழக்கமான ஆயில் எனாமலை விட்டு, தண்ணீரில் கலக்கும் எனாமலை எடுத்தோம். பழைய கதவுகளே அதற்குக் காரணம் சொல்லின: வெளிச்சம் படாத உட்புறம் வெளிப்புறத்தைவிட அதிகமாக மஞ்சளித்திருந்தது. ஆயில் எனாமலின் இயல்பு அது.

நிறத்தைப் பற்றி அம்மா எழுப்பிய கேள்வி ஒன்றே ஒன்று: மஞ்சள்தூள் பட்டால் போகுமா? ஒரு துண்டுப் பலகையில் பளபளப்பில்லாத மேட், மிதமாக மின்னும் சாட்டின் இரண்டையும் அடித்து, சில வாரம் இறுகவிட்டு, எண்ணெயில் குழைத்த மஞ்சள்தூளைத் தடவி, சமையல் முடியும் வரை அப்படியே வைத்தோம். சோப்பு நீரால் துடைத்தபோது சாட்டினில் மங்கலான ஒரு நிழல்தான் நின்றது. மேட்டில் கைத்தடம் முழுவதும் தெரிந்தது. பலகையை வெயிலில் வைத்ததும் இரண்டிலுமே கறை வெளுத்தது, ஏனெனில் மஞ்சளின் நிறம் ஒளியில் நிற்காது. ஆனால் வெயில் நுழையாத சமையலறைக்கு அந்த ஆறுதல் உதவாது. சாட்டினே முடிவாயிற்று, நிறம், சாம்பல் கலந்த இளம்பச்சை.

கதவுகளைச் செங்கற்களின் மேல் படுக்கவைத்து, விளிம்புகளைப் பிரஷ்ஷாலும் பரப்பை 4 அங்குல ஃபோம் ரோலராலும் மெல்லிய கோட்டிங்குகளாக அடித்தோம். நிற்கவைத்து அடித்தால் பெயின்ட் கீழ்விளிம்பில் திரண்டு சொட்டாகிவிடும். முதல் கோட்டிங் காய்ந்தபின் 320 உப்புத்தாளால் மேலாகத் தடவி, ஈரத்துணியால் தூசி எடுத்து, இரண்டாவதை அடித்தோம். லிட்டருக்கு ஒரு கோட்டிங்கில் சுமார் 100 சதுர அடி வந்தது.

தொட்டால் ஒட்டாதது வேறு, உள்ளுக்குள் இறுகுவது வேறு. இந்த வகைப் பெயின்ட் முழு உறுதி பெற மூன்று நான்கு வாரமாவது வேண்டும். கதவுகளை மாட்டியபின் சட்டத்தில் படும் மூலைகளில் சிறிய ரப்பர் பொட்டுகளை ஒட்டினோம். அவை இல்லாவிட்டால் மூடிய கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பெயின்ட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். இப்போதைக்குச் சோப்பு போடாமல் ஈரத்துணியால் மட்டும் துடைக்கிறோம். பரண் கதவுகள் இன்னும் பழைய நிறத்தில்தான் இருக்கின்றன. மிஞ்சிய பிரைமரை இறுக்கி மூடிவைத்திருக்கிறேன், சித்திரை வெயில் உறைக்கும் முன் அவற்றையும் இறக்க வேண்டும்.