நடை சாத்திய பிறகு

மதியம் பன்னிரண்டரை. மீனாட்சி அம்மன் கோயில் நடை சாத்திவிட்டார்கள்.

வெளியே வந்த குடும்பங்கள் சுவரோர நிழலில் பைகளோடு உட்கார்ந்தன. மாலை நான்கு மணி வரை அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. ஒரு பாட்டி புடவைத் தலைப்பை விரித்துப் படுத்தேவிட்டார்.

அம்மா மேற்குக் கோபுரத்திலிருந்து டவுன்ஹால் ரோடு வழியாக மெல்ல நடந்து நாங்கள் தங்கியிருந்த விடுதி அறைக்கு வந்தார். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு உறங்கிவிட்டார்.

அறை சிறியதுதான். சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். ஆனாலும் கோயிலிலிருந்து நடந்தே வந்துவிடலாம் என்பதால் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

மதுரையில் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என வீதிகள் கோயிலைச் சுற்றிச் சுற்றி விரிகின்றன. சித்திரை வீதிகளில் வண்டி போகாது. எங்கே தங்கினாலும் கடைசித் தூரம் நடைதான். கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை என்பதால் அதையும் அறையிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

வயதானவர்களோடு இரண்டு நாள் பயணம் வருகிறவர்கள் நீச்சல் குளத்தையும் காலை உணவையும் பிறகு பாருங்கள். முதலில் விடுதி இருக்கும் தெருவின் பெயரைக் கேளுங்கள்.

மாசி வீதிக்குள் இடம் இல்லையென்றால் மேற்குப் பெருமாள் மேஸ்திரி வீதியில் தேடுங்கள். ரயில் நிலையமும் அங்கிருந்து நடக்கும் தூரம்தான்.