செல்டிக் எல்லை தாண்டலாமா?

ஸ்காட்லாந்து கால்பந்துல பெரிய கிளப்புகளான செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் இங்கிலாந்து லீகுக்குப் போகணும்ங்கிற பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கு. 1986-லிருந்து 2025 வரை ஸ்காட்லாந்து பட்டம் இந்த ரெண்டு வீட்டுக்குள்ளேயேதான் சுத்துச்சு, அலுப்பு வரத்தான் செய்யும். ஆனா 2009-லயே இங்கிலாந்தோட உச்ச லீகான பிரீமியர் லீக் கிளப்புகள் முடியாதுன்னு கையை விரிச்சிட்டாங்க. பின்னே, தன் இடத்தை யார் விட்டுக்கொடுப்பா?

வேல்ஸ் கிளப்புகளான ஸ்வான்சியும் கார்டிஃபும் அங்கே ஆடலையான்னு கேப்பீங்க. அவங்க நூறு வருஷத்துக்கும் மேலா அங்கேயே ஆடுறவங்க, 1927-ல கார்டிஃப் இங்கிலாந்தோட எஃப்ஏ கோப்பையே ஜெயிச்சுது. வேல்ஸுக்குன்னு தேசிய லீக் வந்ததே 1992-லதான்.

என் கணக்கு சிம்பிள்: போறதுன்னா கடைசி டிவிஷன்ல வரிசையில நில்லுங்க. ஆனா கில்மார்னாக் மாதிரி சின்ன ஸ்காட்லாந்து கிளப்புக்கு, இவங்க வர்ற அன்னிக்குத்தான் டிக்கெட் கவுன்டர்ல நாலு காசு. அதை யார் ஈடுகட்டுவா?

இன்னொரு கூத்து: பெரிக் ஊர் இங்கிலாந்துல, அதோட கிளப் ஆடினது ஸ்காட்லாந்து லீக்ல. 1967-ல ஸ்காட்டிஷ் கோப்பையில ரேஞ்சர்ஸையே 1-0ன்னு வெளியேத்துச்சு!