பொங்கலுக்கு பெயின்ட் அடிக்கும் முன்

பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிப்பது சுண்ணாம்புக் காலத்துப் பழக்கம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊறிய சுவர் மார்கழியில் முழுசாகக் காய்ந்திருக்காது. சுண்ணாம்பு ஈரத்தைத் தாராளமாக வெளியே விட்டுவிடும், அதனால் அன்றைக்கு யாரும் கவலைப்படவில்லை. இப்போது அடிக்கும் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் பிளாஸ்டிக் பெயின்ட், அவ்வளவு சுலபமாக விடாது. வெயில் ஏறியதும் உள்ளே இருக்கும் ஈரம் செங்கல்லிலும் சிமென்ட்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரப்பார்க்கும். தையில் பளபளத்த சுவர் சித்திரையில் கொப்புளம் போட்டு, தொட்டால் மாவாக உதிர்வது இதனால்தான். விலை கூடின பெயின்ட் வாங்கினாலும் இதே கதைதான்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கண்ணாடிப் பாலித்தீன் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். மறுநாள் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்த இடத்தில் சுவர் கறுத்திருந்தாலோ வேலையைத் தள்ளிப்போடுங்கள். ஈரம் எங்கே தெரிகிறது என்பதே பாதி பதில். தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம் வரை என்றால் அநேகமாக மண்ணிலிருந்து ஏறும் ஓதம். ஜன்னல் மூலையில் என்றால் சன்ஷேடு விரிசல். கூரையில் என்றால் மொட்டை மாடி. பாத்ரூமை ஒட்டிய சுவர் என்றால் குழாய் அல்லது டைல்ஸ் இடுக்கு. வரும் வழியை அடைக்காமல் உள்பக்கம் மட்டும் வாட்டர்புரூஃப் பூசினால், ஈரம் பக்கத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது பட்டி, அதாவது பெயின்ட்டுக்கு முன் சுவரைச் சமமாக்கப் பூசும் பூச்சு. வெள்ளை சிமென்ட் பட்டி சிமென்ட் பூச்சின் மேல்தான் பிடிக்கும். அதற்கு முன் சுவரை நனைக்க வேண்டும். காய்ந்த சுவர் பட்டியில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிட்டால் அது இறுகாமல் பொடியாகிவிடும். பழைய எமல்ஷன் மேல் இதைப் போடாதீர்கள், அங்கே அக்ரிலிக் பட்டிதான். பழைய டிஸ்டம்பரோ சுண்ணாம்போ இருந்தால் முழுக்கச் சுரண்டியே ஆகவேண்டும். கலந்த சிமென்ட் பட்டியை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்கவேண்டும். இறுக ஆரம்பித்ததில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைப்பதை நிறையத் தளங்களில் பார்க்கலாம், அதை அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு கோட்டும் சேர்த்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பள்ளம் ஆழமாக இருந்தால் முதலில் சிமென்ட் வைத்து அடைக்கவேண்டும்.

உப்புத்தாள் போட்டு முடித்ததும், இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். கரண்டி இழுத்த கோடு, மேடு, பள்ளம் எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். ஃபால்ஸ் சீலிங்கில் பட்டை விளக்கு வைக்கப்போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யவேண்டும். அந்த வெளிச்சம் விழும் கோணமும் இதேதான். பிறகு தூசியை ஈரத்துணியால் துடைத்தால்தான் பெயின்ட்டுக்கு அடியில் போகும் பிரைமர் பூச்சு சுவரைப் பிடிக்கும், இல்லையென்றால் தூசியைப் பிடித்துக்கொண்டு உரியும்.

நிறத்துக்கு வருவோம். கடையில் பார்த்த விரலளவு அட்டையை நம்பி முடிவு செய்வதுதான் பலரும் செய்யும் தப்பு. நாலு சுவரிலும் ஏறியதும் அதே நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும். சின்ன டப்பா வாங்கி, எதிரெதிர் சுவரில் இரண்டடிச் சதுரம் இரண்டு கோட் அடித்து, காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பாருங்கள். அதற்கும் முன்னால் பல்பை முடிவு செய்துவிடுங்கள். 6500 கெல்வின் என்று போட்ட வெள்ளை வெளிச்ச எல்.இ.டி.யில் க்ரீம் நிறம் சோகை பிடித்த மாதிரி இருக்கும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் சாம்பல் நிறம் மஞ்சளடிக்கும். செங்காவித் தரை உள்ள வீட்டில் வெள்ளைச் சுவரின் கீழ்ப்பாதி லேசாகச் சிவக்கும், அது பெயின்ட்டின் குறை இல்லை.

அளவு: பத்துக்குப் பன்னிரண்டு அறை, உயரம் பத்தடி என்றால் சுவர் 440 சதுர அடி. கதவு, இரண்டு ஜன்னல் போக ஏறக்குறைய 385. நல்ல எமல்ஷன் லிட்டருக்கு இரண்டு கோட் சேர்த்து 120 முதல் 140 சதுர அடி வரும், ஆக மூன்று லிட்டர். கைவசம் மிச்சம் இருக்க நாலாக வாங்குங்கள். மெஷினில் கலந்த நிறம் என்றால் எல்லா டப்பாவையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலந்த பிறகே அடிக்கவேண்டும். தண்ணீர் எவ்வளவு என்பது டப்பா மேலேயே இருக்கிறது, பெயின்டரின் கைக்கணக்குக்கு விடாதீர்கள்.

திரைச்சீலைக்கு ஒரே விஷயம்: ராடு ஜன்னல் நிலைக்கு மேலே ஆறு அங்குலம், இரு பக்கமும் ஆறு அங்குலம் நீண்டிருக்கட்டும். துணியின் மொத்த அகலம் ராடு நீளத்தைப் போல் இரண்டு மடங்கு. பெயின்ட் காய்ந்த பிறகு ராடுக்குத் துளை போட்டால் அந்தத் தூசி புதுச்சுவரில் படியும், அதனால் துளைகளைப் பட்டி போடும் முன்பே போட்டு வைத்துவிடுங்கள்.