அவனை அனுப்ப எனக்கு ஐந்து மாதம் ஆனது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராக டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டு. எங்கள் குழுவில் நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்கிற ஆள். என்னைத் தவிர ஐந்து பேர், வாரம் ஒரு செஷன், உட்கார்ந்தால் நாலு மணி நேரம். அந்த ஐந்தில் ஒருவனைப் போன மாதம் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பல வருடப் பழக்கம், கேமுக்கு வெளியே நல்லவன், அதனாலேயே இழுத்தடித்தேன்.

அவனுடைய கேரக்டர் ரோக், அதாவது திருட்டிலும் பதுங்குவதிலும் கில்லாடி. ரோக் என்றால் திருடத்தான் செய்வான், அதில் எனக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை. ஆனால் இவன் திருடியதெல்லாம் கூட வருகிறவர்களிடம். எங்கள் கிளெரிக்காக, அதாவது தெய்வ சக்தியால் குணப்படுத்துகிற கேரக்டராக, ஆடிய பெண்ணுக்கு இதுதான் முதல் கேம்பெய்ன் (பல செஷன் தொடரும் ஒரே கதை), கேரக்டரின் பழைய கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தாள், அதில் செத்துப்போன தங்கையின் லாக்கெட் ஒன்று வரும். ஒரு நாள் எல்லாரும் காட்டில் முகாம் போட்டுத் தூங்கும்போது இவன் அதை உருவி, அடுத்த ஊரில் பதினைந்து தங்கக் காசுக்கு விற்றுவிட்டான். அவள் எதுவும் சொல்லவில்லை. கையிலிருந்த பென்சிலை, கேரக்டரின் விவரமெல்லாம் எழுதி வைக்கும் கேரக்டர் ஷீட் மேல் வைத்தாள், அன்று முழுக்க அதைத் திரும்ப எடுக்கவே இல்லை.

அவனைக் கேட்டால் ஒரே பதில்தான்: "என் கேரக்டர் அப்படி, நான் என்ன பண்ண?" அந்தக் கேரக்டரை உருவாக்கினதே நீதானேடா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா, "சரி, ரோல் பண்ணு." ரோல் என்றால் டைஸ் உருட்டி, விழும் எண்ணை வைத்துக் காரியம் பலிக்குமா என்று பார்ப்பது; அது வேண்டுமா வேண்டாமா என்பது டிஎம் கையில் இருக்கிறது, அந்த இடத்தில் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லாக்கெட் அவள் கழுத்திலேயே இருந்திருக்கும்.

டைஸ் விஷயம் தனி. உருட்டுவான், நாங்கள் எட்டிப் பார்ப்பதற்குள் கையில் எடுத்து "இருபது!" என்பான். இருபது முகம் உள்ள டைஸில் இருபதுதான் ஆகப் பெரிய எண், அது விழ வாய்ப்பு ஐந்து சதவீதம். ஒரு ராத்திரி சும்மா எண்ணினேன், பதினாலு ரோலில் ஆறு இருபது. அதையும் விட்டுவிட்டேன், ஏனென்றால் டைஸ் ஏமாற்று எனக்கு எரிச்சல் தந்ததே தவிர யாரையும் அழ வைக்கவில்லை.

நடுவில் எக்ஸ் கார்டு கொண்டு வந்தேன். ஜான் ஸ்டாவ்ரோபுலஸ் என்பவர் யோசித்த ஏற்பாடு, மேசை நடுவில் எக்ஸ் போட்ட ஒரு அட்டை, காட்சி யாருக்காவது சங்கடமாக இருந்தால் தொட்டால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் அதைத் தாண்டிப் போய்விட வேண்டும். முதல் நாளே அவன் கேரக்டருக்கு அம்பு பட்டதும் அதைத் தட்டிவிட்டுச் சிரித்தான். அதற்குப் பிறகு வேறு யாரும் அதைத் தொடவில்லை.

நான் செய்த பெரிய முட்டாள்தனம், கேமுக்குள்ளேயே அவனைத் திருத்தப் பார்த்தது. காவலர்களை வைத்துப் பிடித்து சிறையில் போட்டேன். சிறையிலிருந்து தப்பிக்கிற படலம் இரண்டு செஷன் ஓடியது, மற்ற நாலு பேரும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். சாபம் போட்டேன், அது அவனுக்கு இன்னும் பிடித்துப்போனது. தண்டனை என்று நினைத்து நான் கொடுத்ததெல்லாம் அவன் கேட்ட கவனம்தான். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட இந்த விளையாட்டின் முதல் விதிகளில் டிஎம்முக்கு ரெஃப்ரி என்றுதான் பெயர். டிராகன் எத்தனை அடி தாங்கும் என்று அந்த ரெஃப்ரி தீர்ப்புச் சொல்லலாம், ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற மனுஷனைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் பேச வேண்டும்.

ஒரு தடவை பேசினேன். இரண்டு வாரம் தங்கமாக இருந்தான், மூன்றாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடி. அந்த வாரத்தோடு கிளெரிக் நின்றுவிட்டாள், "வேலை அதிகம்" என்று ஒரு மெசேஜ். அப்புறம்தான் மற்ற மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் அவன் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்!

குரூப்பில் எழுதவில்லை, மேசையிலும் சொல்லவில்லை, போன் செய்தேன். உதாரணங்களை எல்லாம் தாளில் குறித்து வைத்திருந்தேன், அது தப்பு. ஒன்றைச் சொன்னதும் அதற்கு அவன் விளக்கம் தர, நான் அதை மறுக்க, வழக்காடு மன்றம் ஆகிவிட்டது. தாளை மடித்து வைத்துவிட்டு, "இந்தக் கேமில் நீ இனி வேண்டாம், இது என் முடிவு" என்றேன். எல்லாருடைய முடிவு என்று சொன்னால் ஆளாளுக்குப் போன் போட்டு நியாயம் கேட்பான் என்று தெரியும். "அப்ப எல்லாரும் எனக்குப் பின்னாடி பேசியிருக்கீங்க" என்றான். உண்மைதான், ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "என் ரோக்கைக் கொன்னுடுவியா?" என்று கேட்டான், அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. கொல்லவில்லை. சில டிஎம்கள் போனவனுடைய கேரக்டரை அசிங்கமாகச் சாகடித்துப் பழி தீர்த்துக்கொள்வார்கள், எனக்கு அது பிடிக்காது. ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டேன், ஷீட் அவனிடமே இருக்கிறது.

கிளெரிக்குக்கு மெசேஜ் அனுப்பினேன். மூன்று நாள் கழித்து, வருகிறேன், ஆனால் வேறு கேரக்டர் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டாள். லாக்கெட்டைத் திரும்பக் கிடைக்க வைக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம், இந்தத் தடவை பழைய கதை எதுவும் எழுதவில்லை என்றாள்.