வலி காலில், கோளாறு இடுப்பில்: என் சயாட்டிகா அனுபவம்

ராயக்கோட்டைப் பக்கம் பட்டுப்புழு ஷெட் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இடுப்புவலி உண்டு என்பார்கள். எனக்கு வந்தது அந்த வகை இல்லை; இடுப்பில் நரம்பு வேர் அழுந்தி, வலி காலில் இறங்கும் சயாட்டிகா. நம் ஆட்களில் பலருக்கு இது வரக்கூடியது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

புழு நாலாவது தோல் உரித்து எழுந்த பிறகு வரும் வாரம்தான் எங்களுக்குக் கடுமையானது. ஒரு புழு ஆயுளில் தின்னும் மொத்தத் தழையில் 80 சதவீதத்துக்கு மேல் அந்த ஐந்தாம் பருவத்தில்தான் தின்னும். மல்பெரித் தண்டை வெட்டி, கட்டித் தூக்கி வந்து, குனிந்து கீழ் அடுக்கில் பரப்ப வேண்டும். அப்படி ஒரு கட்டைத் தூக்கித் திரும்பும்போது இடது பிட்டத்தில் சுரீரென்று இழுத்தது. ராத்திரிக்குள் வலி தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வெளிப்புறம் வழியாகக் கட்டைவிரலுக்குப் போய்விட்டது. இடுப்பில் அவ்வளவாக ஒன்றும் தெரியவில்லை. உட்கார்ந்தால் தாங்க முடியாது, நடந்தால் பரவாயில்லை. தும்மினால் கால் முழுக்கப் பாயும்.

பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்த ஒருவரைக் கூட்டிவந்து இடுப்பில் மிதிக்கச் சொல்லலாம் என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னார். என் மனைவி விடவில்லை. "வேணாம் பெரியம்மா, கால் மரத்துப் போவுதுன்றாரு. மொதல்ல டாக்டர் பாக்கட்டும்" என்று சொல்லி, மறுநாளே கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள்.

எலும்பு மருத்துவர் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கினார். பாதி உயரம்கூடப் போகவில்லை, கணுக்கால் வரை வலி வெட்டியது. குதிகாலால் நட, முன்பாதத்தால் நட என்றார். சிறு சுத்தியலால் முழங்காலிலும் கணுக்காலிலும் தட்டினார். கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி அழுத்திப் பார்த்தார். அப்புறம் கூச்சமான கேள்விகள்: சிறுநீர் போவதில் தடை உண்டா, மலம் தெரியாமல் போகிறதா, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்திருக்கிறதா? இவற்றில் எதற்காவது 'ஆமாம்' என்றால் அன்றைக்கே அவசரமாகப் பார்க்க வேண்டும், அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம் என்றார். பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலும் தாமதிக்கக் கூடாது. எனக்கு அதெல்லாம் இல்லை; பாதத்தின் மேல்பக்கம் மட்டும் உணர்ச்சி மந்தம்.

சயாட்டிக் நரம்புதான் உடம்பிலேயே தடிமனானது. கீழ்முதுகில் நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளின் பக்கமிருந்தும் அதற்குக் கீழே உள்ள திரிக எலும்பிலிருந்தும் கிளம்பும் ஐந்து வேர்கள் சேர்ந்து அது உருவாகிறது. எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி ஒரு வேரைத் தொட்டால், அந்த வேர் போய்ச்சேரும் இடமெல்லாம் வலிக்கும். சொட்டுநீர்க் குழாய் வால்வு பக்கத்தில் மடங்கியிருக்கும்போது, தண்ணீர் வரவில்லை என்று கடைசிச் செடியைத் தோண்டிப் பார்த்து என்ன பயன்? காலுக்குத் தைலம் தேய்ப்பதும் அப்படித்தான். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் அடங்கிவிடும், அதனால் எம்ஆர்ஐ இப்போதைக்கு வேண்டாம் என்று மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். படுத்தே கிடக்காதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார்.

பெங்களூரில் இருக்கும் மச்சான்தான் ஆஸ்டியோபதி என்ற கைச்சிகிச்சை பற்றிச் சொன்னார். மருத்துவரிடமே கேட்டேன். "மரத்துப்போன கால், முதுகை முறுக்கிச் சொடக்கு எடுக்க மட்டும் விடாதீங்க, மத்தபடி போங்க" என்றார். 1874-ல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. அங்கே இதைப் படித்தவர்கள் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமை உள்ள முழு மருத்துவர்கள். இங்கிலாந்தில் 1993-லேயே இதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. நம்மூரில் போர்டைப் பார்த்து மட்டும் நம்பக் கூடாது, என்ன படித்தார் என்று கேட்டுவிட வேண்டும். நான் பார்த்த பெண் பிசியோதெரபி முடித்துவிட்டு அதற்கு மேல் இதைப் படித்தவர்.

பஸ்ஸில் உட்கார முடியாததால் ராயக்கோட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போனேன். எழுந்து நடந்துகொண்டே போகலாம்.

முதல் தடவை அவர் கை வைத்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். தன் பையையே தழைக்கட்டாக நினைத்துத் தூக்கிக்காட்டச் சொன்னார். பாதத்தை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்புகிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே ஒரு கையும் முழங்காலில் ஒரு கையும் வைத்துக்கொண்டு, "என் கைக்கு எதிரா மெதுவா தள்ளுங்க சார். பலம் வேணாம்... சரி, விடுங்க" என்றார். விட்டதும் இறுகியிருந்த தசை தளர்ந்து கால் இன்னும் கொஞ்சம் போனது. மறுபடி அதே. சொடக்குச் சத்தம் ஒன்றுகூட இல்லை.

டிஸ்க்கை உள்ளே தள்ளிவிட்டீர்களா என்று கேட்டேன். "கையால யாராலயும் தள்ள முடியாது சார். பிதுங்கினதை உடம்பே கொஞ்சம் கொஞ்சமா கரைக்கும். அதுவரைக்கும் நீங்க பயப்படாம அசையணும், அதுக்குத்தான் இது" என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே அவரை நம்பினேன்.

பயிற்சிகள் எளிது: குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குவது, உட்கார்ந்து காலை நீட்டி மடக்கி நரம்பை அசைப்பது, தினமும் நடை. வலி பாதத்திலிருந்து கெண்டைக்காலுக்கும், அங்கிருந்து தொடைக்கும் பின்வாங்கினால் நல்ல அறிகுறி, இடுப்பில் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை என்றார். எனக்கு அப்படியேதான் நடந்தது. கட்டைவிரல் முதலில் விட்டது, பிட்டம் கடைசியில்.

குணமானதில் கைக்கு எவ்வளவு பங்கு, காலத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் கைச்சிகிச்சையைப் பரிசீலிக்கச் சொல்கிறது. அதனால் வெறும் கைவேலைக்குப் பணம் கட்டி, பயிற்சி செய்யாமல் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது தழைக்கட்டைப் பாதியளவில்தான் கட்டுகிறோம். கீழ் அடுக்குக்கு முக்காலி போட்டு உட்கார்ந்தே தழை போடுகிறேன்.

பெங்களூரு போக வசதியில்லாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. அரசு மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) பிரிவு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிவைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை உண்டு. ஊர் சுகாதாரத் தன்னார்வலரிடம் கேளுங்கள். பயிற்சி செய்யும்போது வலி பாதத்தை நோக்கி இறங்கினால் அதை நிறுத்திவிட்டு, சொல்லிக்கொடுத்தவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.