கடலில்லாத குளத்தில் பிறக்கும் சங்கு

திருக்கழுக்குன்றத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா நேரே சங்கு தீர்த்தத்துக்குப் போனாள். படியில் உட்கார்ந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள். "நல்ல தண்ணிதான்" என்றாள், கொஞ்சம் ஏமாற்றமாக.

அம்மா தூத்துக்குடிக்காரி. தாத்தா சங்குக் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போகும் சங்குகளுக்கு நடுவே வளர்ந்தவள். உப்புத் தண்ணீரில் மணலுக்குள் புதைந்து, புழுவைத் தின்று வாழ்கிற உயிர் இந்தக் குளத்தில் எப்படி என்பதுதான் அவள் கேள்வி.

மார்க்கண்டேயர் அபிஷேகத்துக்குப் பாத்திரமில்லாமல் நின்றபோது குளத்திலிருந்து சங்கு வந்ததாம். அதிலிருந்து 12 ஆண்டுக்கு ஒருமுறை பிறக்கிறது என்பது ஐதீகம். 2011-க்குப் பிறகு 2024 மார்ச்சில் பிறந்தது. "சரி, அவன் நினைச்சா வரும்" என்று எழுந்துவிட்டாள்.

நாங்கள் போனது கார்த்திகைக் கடைச் சோமவாரம். மலைமேல் வேதகிரீஸ்வரருக்கு 1008 சங்காபிஷேகம். ஐந்நூறுக்கு மேல் படி. அம்மாவின் முட்டியைக் கேட்டால் ஆயிரம் என்னும். உச்சி வேளையில் வந்த கழுகுகள் நின்று பல வருஷம் ஆயிற்று. ஆனாலும் ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை வானத்தைப் பார்த்துவிடுகிறார்கள். நானும்தான்.

தீபாராதனையின்போது அம்மா சங்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடல்ல இருந்து வரும்போது இந்த வெள்ளை கிடையாது. மேல பழுப்பா ஒரு தோல் இருக்கும், நாத்தம் வேற. எல்லாம் போனப்புறம்தான் சாமிகிட்ட வருது." அதற்குப் பிறகுதான் கைகூப்பினாள்.

இறங்கி வரும்போது ஒருவர் வலம்புரி என்று ஒரு சங்கை நீட்டினார். வால் மேலே இருக்க, வாய் வலப்பக்கம்தான் இருந்தது. அம்மா விரலை உள்ளே விட்டுத் தடவினாள். நம் சங்கென்றால் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்பு தட்டுப்படும். இதில் வழவழவென்று இருந்தது. அமெரிக்கக் கடல் நத்தை ஒன்று இயல்பாகவே இப்படிச் சுற்றி வளரும். அதுதான் இங்கே வலம்புரியாகிவிடுகிறது.

"இடம்புரி இருக்கா?" என்று கேட்டு, கைக்கு அடக்கமாக ஒன்று வாங்கினாள். "எங்க ஊர்ச் சங்கை இங்க வந்து காசு குடுத்து வாங்குறேன் பாரு" என்று சிரித்தபடி மறுபடி குளத்துக்கு நடந்தாள். தீர்த்தத்தை அதில் மொண்டு, தண்ணீர் பாட்டிலில் ஊற்றச் சொன்னாள். பாட்டில் நிரம்ப ஒன்பது சங்கு பிடித்தது.